அம்பாசடரில் ஏர் எடுப்பது: பள்ளத்தூர் வண்டியில் செய்த வேலை

ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்து, டேங்கைப் பிரித்துக் குழாய்களின் அடைப்பு போக ராடு விட்டு, ஈயம் வைத்து மூடி, புது ஹோஸும் கிளிப்பும் போட்டு மாட்டியாயிற்று. தண்ணீரும் கழுத்து வரை ஊற்றியாயிற்று. அப்புறமும் நாலு தெரு சுற்றி வருவதற்குள் ஹீட் மீட்டர் முள் சிவப்புக்குப் போகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் காற்றை. ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள ப்ளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டு ஷெட்டுகளில் நிற்கும் பழைய வண்டிகளில், காற்றை எடுக்காமலேயே ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை முகம் சீவும்போதும் அந்த ஹெட்டின் ஆயுளில் கொஞ்சம் போகிறது. புது ஹெட் எளிதில் கிடைக்கப் போவதில்லை. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

வண்டி காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டுடையது. 1970 மாடல் அம்பாசடர் மார்க் 2. உள்ளே இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) 1489 சிசி பி-சீரீஸ் இன்ஜின், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக இங்கே வந்தது. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் இருந்ததும் இதே குடும்பத்து 1489தான். ஆகவே அந்த வண்டிகளைப் பற்றி எழுதப்பட்ட கூலிங் சமாச்சாரங்களில் பெரும்பகுதி நம் அம்பாசடருக்கும் பொருந்தும்.

ரேடியேட்டர் வேலை முடிந்து வந்ததிலிருந்துதான் தகராறு. காட்டிய ஒரு பட்டறையில் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இறக்கிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். டிரைவர் அண்ணனுக்கு அதில் மனசில்லை, என்னைக் கூப்பிட்டார். வீட்டில் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆச்சி முகப்பில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "தம்பி, மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான். எங்க வீட்டு ஐயா வாங்குன வண்டி. நடுத்தெருவுல ஆவி விட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை அழைப்பு என்பது கூலிங் சிஸ்டத்துக்கு ரொம்பக் கஷ்டமான ஓட்டம். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில் போக வேண்டும். எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான் ரேடியேட்டருக்கு, அதுவும் ஐடிலிங் வேகத்தில். ஆகவே ரோட்டில் ஓடும்போது சரியாக இருக்கிறது என்பது இந்த வேலைக்குப் போதாது.

வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு மேல் ஹோஸில் கை வைத்தேன். மீட்டர் முள் பாதியைத் தாண்டியும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தது. தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடிக்குள் கடகடவென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் முள் ஒரே மூச்சாக மேலே போய், அப்புறம் சட்டென்று இறங்கி, மறுபடி ஏறியது. உள்ளே தண்ணீர் தொடர்ச்சியாக இருந்தால் முள் இப்படித் துள்ளாது, நிதானமாக ஏறும். மீட்டரின் சூடு உணரும் குமிழ் ஹெட்டின் முன்பக்கம், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அது தண்ணீரில் முங்கியிருக்கும்போது ஒன்றைக் காட்டும், காற்றிலோ ஆவியிலோ நிற்கும்போது வேறொன்றைக் காட்டும். அதனால் ஏர் பிடித்த வண்டியில் மீட்டர் குறைவாகக் காட்டினாலும் நம்பக் கூடாது.

கிணற்று மோட்டார் ஏர் பிடித்தால் எவ்வளவு நேரம் ஓடினாலும் தண்ணீர் ஏறாதல்லவா, இங்கேயும் அதே கதை. வாட்டர் பம்பும் இறக்கை சுற்றித் தள்ளுகிற பம்புதான். தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளத் தெரியாது. அதோடு எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைச் சுற்றித்தான் ஹெட்டில் அதிகச் சூடு. அங்கே தண்ணீருக்குப் பதில் ஆவி நின்றுவிட்டால் வார்ப்பிரும்பிலிருந்து சூடு வெளியேறவே வழியில்லை. மற்ற இடமெல்லாம் சாதாரணமாக இருக்க, அந்த ஓர் இடம் மட்டும் கொதிக்கும். ஹெட் வளைவதும் கேஸ்கெட் போவதும் அதற்கு அப்புறம் வருகிற விஷயங்கள். காற்று முதலில், கேஸ்கெட் பிறகு. பட்டறையில் பார்ப்பவர்கள் பல நேரம் பின்னதை மட்டும் பார்க்கிறார்கள்.

இருந்தாலும் கேஸ்கெட்டை ஒரு தடவை சோதித்துவிட்டேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம், மோர் போல வெளுக்கவில்லை. நான்கு பிளக்கும் ஒரே நிறம். ஒரு சிலிண்டரில் தண்ணீர் போனால் அந்தப் பிளக் மட்டும் கழுவிவிட்டது மாதிரி இருக்கும், அப்படியில்லை. பிறகு ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கிற நீலத் திரவச் சோதனை. சிலிண்டர் புகை தண்ணீரில் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். இங்கே நீலம் நீலமாகவே நின்றது. ஹெட்டைத் தொட வேண்டியதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

மறுநாள் காலை, வண்டி முழுக்கக் குளிர்ந்திருந்தபோது வேலையை ஆரம்பித்தேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் யாரும் கை வைக்க வேண்டாம். இந்த வண்டியின் மூடி 7 பவுண்ட். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடும், அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். இன்னொன்று, ஹீட் ஏறுகிறது என்று புது வண்டிகளின் 13, 15 பவுண்ட் மூடியை வாங்கி மாட்டுகிறார்கள். ஈயம் வைத்து ஒட்டிய பித்தளை டேங்க் அதைத் தாங்காது, மடிப்பில் விட்டுவிடும்.

முதலில் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பிவிட்டு, அதன் அடி டேப்பையும் ப்ளாக்கின் டேப்பையும் திறந்து, வருவதையெல்லாம் பக்கெட்டில் பிடித்து அளந்து வைத்தேன். இந்த அளவு பிறகு தேவைப்படும். ப்ளாக் டேப் திறந்தும் சொட்டுக்கூட வரவில்லை. உள்ளே சேறு அடைத்திருந்தது. கெட்டிக் கம்பியை விட்டுக் குத்தியதும் முதலில் செம்மண் குழம்பாகக் கொஞ்சம், அப்புறம் தண்ணீர். ரேடியேட்டர் டேப்பை மட்டும் திறந்து "தண்ணி வடிச்சாச்சு" என்று சொல்வது சரியல்ல. ப்ளாக்கின் பின்பக்கச் சேறு அப்படியே இருக்கும்.

தெர்மோஸ்டாட் மூடியில் மூன்று ஸ்டட். அலுமினிய மூடி, இரும்பு ஸ்டட், நடுவே அரை நூற்றாண்டுத் துரு. முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஆயிலை விட்டு வைத்திருந்தேன். நட்டுகள் வந்துவிட்டன, மூடி வரவில்லை. இந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது. அலுமினியம் கீறிவிட்டால் ஆயுளுக்கும் ஒழுகும். மரக்கட்டையை வைத்து இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஸ்டட்டைச் சுற்றி மறுபடி ஆயில். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி தட்டு. கடைசியில் ஒரு மயிரிழை நகர்ந்தது. நகர்ந்துவிட்டால் அப்புறம் வந்துவிடும்.

மூடியை எடுத்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ரேடியேட்டர் வேலையோடு தெர்மோஸ்டாட்டையும் யாரோ புதிதாக மாற்றியிருக்கிறார்கள். நல்ல பொருள்தான், 82 (திறக்கும் டிகிரி) என்று முத்திரை இருந்தது. ஆனால் அதன் தட்டில் ஓட்டை இல்லை. பல தெர்மோஸ்டாட்டுகளின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஓர் ஊசி இருக்கும். காற்று அதன் வழியாக வெளியே போகும், பம்ப் தள்ளும்போது ஊசி அதை மூடிக்கொள்ளும். அந்த ஓட்டை இல்லாத வால்வு இருந்தால், ரேடியேட்டர் வாயில் ஊற்றுகிற தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக ப்ளாக்கில் ஏறும், ஹெட்டின் மேல்பாகத்துக்கு வரும், அங்கே இருக்கும் காற்றுக்குப் போக வழி இருக்காது. மேலே வால்வு மூடியிருக்கிறது. கீழிருந்து தண்ணீர் அழுத்துகிறது. ரேடியேட்டர் கழுத்தில் தண்ணீர் தெரிவதால் நிரம்பிவிட்டது என்று நினைத்து மூடிவிடுகிறோம். வால்வு திறக்க வேண்டுமென்றால் சுடுதண்ணீர் அதன் மேல் பட வேண்டும், அங்கே இருப்பதோ காற்று. ஆகவே திறக்க வேண்டிய நேரத்தில் திறப்பதில்லை.

டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அதைக் கழட்டிப் போட்ருங்க தம்பி, நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்கு?" என்றார். இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. முழுதாகத் திறந்த பிறகு தெர்மோஸ்டாட் எதையும் சூடாக்குவதில்லை. இன்ஜின் சீக்கிரம் சூடேறவும், அதற்குக் கீழே இறங்காமல் இருக்கவும்தான் அது. அதை எடுத்துவிட்டால் வண்டி வெகுநேரம் குளிர்ந்தே ஓடும், சோக் இழுத்தபடியே ஓட்டுவார்கள், பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவும், ஆயிலில் ஈரம் தங்கிச் சேறாகும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் வெளியே வருகிற வண்டிக்கு அது மெல்லக் கொல்லும் நோய்.

"அண்ணே, வால்வு இருக்கட்டும். ஒரு ஓட்டை போட்டாப் போதும்" என்று சொல்லி, தட்டின் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் ட்ரில்லால் ஓர் ஓட்டை போட்டேன். பிசிறை அரத்தால் எடுத்தேன். போடுவதற்கு முன் பின்கட்டு அடுப்பில் பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரையும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தோம். 82ஐ ஒட்டி மெதுவாக வாய் திறந்தது, இன்னும் பத்து டிகிரி போல ஏறியதும் முழுதாகத் திறந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் அது திறப்பதை நேரில் பார்த்ததில்லையாம்.

அடுத்தது வண்டியை நிறுத்தும் விதம். சமதரையில் நிறுத்தினால் காற்று எங்கே போகும் என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. மூக்கு மேலே இருந்தால் ஹெட்டின் பின்கோடியில் இருக்கும் காற்று முன்னால் வரும், தெர்மோஸ்டாட் ஓட்டை வழியாக மேல் ஹோஸுக்கு வரும், அங்கிருந்து ரேடியேட்டர் வாய்க்கு. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாய் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு ஜாக்கியும் ஸ்டாண்டும் தேடி அலைய வேண்டியதில்லை. வீடே உயரமான மேடையில்தான் இருக்கிறது. பின்தெருவிலிருந்து ஷெட்டுக்கு ஏறும் சரிவில், மூக்கு ஷெட்டைப் பார்க்க வண்டியைத் தள்ளி நிறுத்தினோம். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு அடியில் உடைந்த அம்மிக்கல் ஒன்றும் கருங்கல் ஒன்றும். வண்டி ஸ்டார்ட் செய்யும்போது நியூட்ரலுக்கு வர வேண்டியிருக்கும், ஆகவே கல் உறுதியாக இருப்பது ரொம்ப முக்கியம். கல்லைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. இங்கே போர் தண்ணீர் உப்பு. சூடுபட்டால் அந்த உப்பு ஹெட்டின் உள்சுவரில் படிந்துவிடும், சூடு கடத்தாது. இந்த ஊர்க்காரர்கள் குடிக்க ஊருணியையும், வளவு முற்றத்தில் ஓட்டிலிருந்து விழும் மழையையும் அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்து வாழ்ந்தவர்கள். மழைத் தண்ணீர் ரேடியேட்டருக்கும் நல்லதே, வடிகட்டி ஊற்றலாம். நான் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி, அதில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் கலந்துகொண்டேன். நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லை, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். அரிப்புக்காகத்தான். வார்ப்பிரும்பு ப்ளாக், பித்தளை டேங்க், செம்புக் குழாய், ஈயப் பற்று, அலுமினிய மூடி, இத்தனை உலோகமும் ஒரே தண்ணீரில் நனைந்து கிடக்கின்றன. வெவ்வேறு உலோகங்கள் ஒரு திரவத்தில் சேர்ந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்து அவற்றில் ஒன்று அரிபடும். அரிப்பையே ஒரு பெரிய துறையாக வைத்து ஆராய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிலையம். அதன் மதிலை ஒட்டி ஓட்டிப் போகிற வண்டிகளில் போர் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது என் கட்சி. காற்றுக்கும் இதில் பங்குண்டு. உள்ளே மாட்டிய காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் ஈரத்தோடு சேர்ந்து ப்ளாக்கைத் துருவாக்குகிறது. அந்தத் துருதான் கம்பி விட்டுக் குத்தியபோது வந்த செம்மண்.

இனி நிரப்புவது. தெர்மோஸ்டாட்டைப் போடுவதற்கு முன்பே அந்த வாய் வழியாக இன்ஜினுக்குள் நேரடியாக ஊற்ற ஆரம்பித்தேன். மெல்லிய தாரை, அவசரமில்லாமல். நின்று நின்று ஊற்ற வேண்டும். ஊற்றுவதை நிறுத்தினால் மட்டம் இறங்கும், குபுக்கென்று ஒரு குமிழ் வரும், மறுபடி ஊற்றலாம். தெர்மோஸ்டாட் உட்காரும் விளிம்பு வரை தண்ணீர் வந்து அசையாமல் நின்றபோது, ஹெட்டில் பெரும்பகுதி நிரம்பிவிட்டது என்று தெரிந்தது. அப்புறம் தெர்மோஸ்டாட்டை, ஓட்டை ரேடியேட்டர் பக்கமாக இருக்கும்படி வைத்தேன். வண்டி மூக்கு தூக்கி நிற்பதால் அந்தப் பக்கம்தான் உயரம். புது பேப்பர் கேஸ்கெட், மூடி, மூன்று நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினேன். மேல் ஹோஸை மாட்டி, மீதியை ரேடியேட்டர் வாயில் ஊற்றினேன்.

இப்போது ஹோஸைப் பிசைவது. மேல் ஹோஸைக் கைநிறையப் பிடித்து அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு. ரேடியேட்டர் வாயில் கண் வைத்துக்கொண்டால் காற்று போவது தெரியும். முதலில் கோலிக்குண்டு அளவுக் குமிழ்கள், ஒவ்வொன்றும் வெடித்ததும் மட்டம் கொஞ்சம் இறங்கும். பிறகு பட்டாணி அளவு. பிறகு கடுகு அளவில் ஓரமாக ஒட்டிக்கொண்டு வருபவை. கீழ் ஹோஸையும் இதேபோல். பெரிய குமிழ் நின்ற பிறகும் நான் விடவில்லை. குளிர்ந்த நிலையில் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நிம்மதி.

ரேடியேட்டர் வாயில் ஒரு நீட்சி வைத்தேன். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில், அதன் கழுத்தில் பழைய ரப்பர் ஹோஸ் துண்டு, அது ரேடியேட்டர் கழுத்துக்குள் இறுக்கமாக உட்காரும். பாட்டிலில் பாதி வரை கலவை. இதனால் எல்லாவற்றுக்கும் மேலான இடம் இன்னும் உயர்கிறது, குமிழ் வெளியேறி தண்ணீர் உள்ளே இறங்குவதும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டோம். அண்ணன் டிரைவர் சீட்டில், நான் பாட்டிலருகே. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, ஓட்டை வழியாக நூல் நூலாகச் சிறு குமிழ்கள் மட்டும். மேல் ஹோஸ் கதகதப்பாயிற்று. திடீரென்று பாட்டிலில் இருந்த மட்டம் ஒரு டம்ளர் அளவு இறங்கியது, ஹோஸ் கை வைக்க முடியாத அளவு சுட்டது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. பெரிய குமிழ்கள் இரண்டு மூன்று ஏறி வந்து வெடித்தன. "லேசா ரேஸ் பண்ணுங்கண்ணே" என்றேன். ரேஸ் கொடுத்தால் பம்ப் இழுத்து மட்டம் இறங்கும், விட்டால் மேலே பொங்கும். ஆகவே படக்கென்று விடக் கூடாது, காலை மெதுவாக எடுக்க வேண்டும். இப்படிக் கொடுத்து, விட்டு, குமிழ் வருவது நிற்கும் வரை. குறையும்போது கலவையை ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். சூடான ஹெட்டில் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் வார்ப்பு விரிசல் விடலாம்.

ஹோஸிலும் ஹெட்டிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். பளபளப்பான அலுமினியத்தில் அது தப்பாகக் காட்டும், அதனால் மூடியில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் குறி வைத்தேன். ஹெட்டின் பின்கோடியில் ஹீட்டர் வால்வு வர வேண்டிய இடத்தை இந்த வண்டியில் சின்னத் தகடு போட்டு மூடியிருக்கிறது. அந்த இடமும் முன்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே சூடு காட்டின. பின்னால் காற்று தங்கியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது.

வண்டியை அணைத்து முழுக்க ஆறவிட்டு, பாட்டிலை எடுத்து, மட்டத்தைக் கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே வைத்து மூடினேன். இதைக் கவனிக்க வேண்டும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் லிட்டருக்கு 30 மில்லி அளவில் விரிகிறது. இந்த ரேடியேட்டரில் ரிசர்வ் பாட்டில் கிடையாது, வழியும் குழாய் மட்டும்தான். விளிம்பு வரை நிரப்பினால் அந்த அதிகத்தை அது துப்பத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு வண்டி தண்ணீர் குடிக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மொத்தம் எவ்வளவு உள்ளே போயிற்று என்று கணக்குப் பார்த்தேன். முதலில் வடித்ததைவிட ஒன்றேகால் லிட்டர் அதிகம். அத்தனையும் காற்று உட்கார்ந்திருந்த இடம்.

மறுநாள் காலை திறந்து பார்த்தபோது மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான், தண்ணீரில் கரைந்த காற்றும் மூலைகளில் ஒட்டியிருந்ததும் சூட்டில் வெளியே வரும். நிரப்பிவிட்டு, குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி வரை போய்வந்தோம். முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது, அசையவில்லை. அதன் பிறகு மட்டம் இறங்கவும் இல்லை. இறங்கிக்கொண்டே இருந்திருந்தால் கீழ் ஹோஸ் கிளிப்பையும் பம்ப் சீலையும் பார்த்திருப்பேன். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது, தண்ணீர் ஒழுகாமலேயே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்.

திரும்பி வந்ததும் உச்சி வெயிலில் பள்ளத்தூர்த் தெருக்களில் முதல் கியரில் ஆள் நடக்கும் வேகம். அண்ணன் ஓட்ட, நான் பானெட் பக்கம் நடந்தே வந்தேன். நின்று நின்று, மேளக்காரர்கள் நிற்பது போலவே நிறுத்தி. முள் பாதியைத் தொட்டு, ஒரு நூல் தாண்டி, அங்கேயே நின்றது. மேல் ஹோஸ் சூடு, ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் அதைவிடத் தெளிவாகக் குறைவு. தண்ணீர் சுற்றுகிறது, சூட்டை இறக்கிவிட்டு வருகிறது. ஆச்சி வாசலுக்கு வந்து, "சத்தம் முன்ன மாதிரி இருக்கே" என்றார். அந்தக் கடகடப்பு அவருக்கும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு வேலை மீதி. ரேஸ் கொடுக்கும்போது கீழ் ஹோஸ் லேசாக உள்வாங்குகிறது. புதிதாகப் போட்டதில் உள்ளே ஸ்பிரிங் இல்லை. மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன், ஸ்பிரிங் வைத்தது வந்ததும் மாற்ற வேண்டும். அப்போதும் தண்ணீர் வடியும், காற்று ஏறும். ஆகவே வண்டியை மறுபடி அதே சரிவில், மூக்கை மேலே வைத்துத்தான் நிறுத்தப் போகிறேன்.